நெற்றியில் பாதி

செதூபல்,
ஜூன் 19

இதலீனாவுக்கு,

உன் எண் என்னிடம் இருக்கிறது. என் எண் உன்னிடம் இருக்கிறது. இருந்தும் எழுதுகிறேன். போனில் நாம் பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இரண்டு பேரும் கத்துகிறோம். தாளில் கத்தினால் கைதான் வலிக்கும், அதனால் கொஞ்சம் மரியாதையாக இருப்போம்.

உங்கள் ரொட்டிக்காரன் பவுஸ்தோவின் மைத்துனி இங்கே மீன் சந்தையில் இருக்கிறாள். நீ இந்தக் கோடையிலும் காட்டுத்தீ காவல் கோபுரத்துக்கு ஏறிவிட்டாய் என்று அவள்தான் சொன்னாள். அறுபத்து நான்கு வயதில் இரும்பு ஏணி. அக்காவுக்குச் செய்தி மத்தி மீனோடு சேர்ந்து வருகிறது.

விர்ஜீலியோவை அடக்கம் செய்த அன்று நீ போனில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "என் புருஷன் பெட்டிக்குள்ள கெடக்கான். உனக்குப் போட்டுட்டு வர ஒரு சட்டை கெடைக்கலையா?" என்று கேட்டாய். சட்டை கிடைக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை. சட்டையை மேலே போட முடியவில்லை என்று சொன்னேன். இரண்டும் வேறு.

இன்னொரு முறை சொல்கிறேன், நம்பாவிட்டால் போ. அதற்கு முந்தைய மாதம் எனக்கு அக்கி வந்தது. இடது விலாவில், மார்புக்குக் கீழே தொடங்கி முதுகுவரை. புண் ஆறிவிட்டது. வலி ஆறவில்லை. ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. போர்வை பட்டால் காஞ்சொறி தேய்த்த மாதிரி. பஸ்ஸில் யாராவது முழங்கை இடித்தால் கண்ணில் தண்ணீர். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சட்டையில்லாமல் சமைக்கிறேன், முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் கழுத்துவரை பொத்தான் போட்டு நின்றவள். வெளியே பார்த்தால் தோலில் ஒன்றுமே இல்லை. அதுதான் கொடுமை. காட்டுவதற்கு எதுவும் இல்லாத வலி.

பதில் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சுல்மீரா


கோபுரம்,
ஜூன் 27

அக்கா,

கடிதம் ரொட்டிப் பையில் வந்தது. மேலே மாவு.

இன்று காற்று வடகிழக்கு. பார்வை தெளிவு. ஐந்து மலைத்தொடரும் தெரிகின்றன. ஐந்தாவது, ஸ்பெயின் பக்கம் போகும் தொடர், வருடத்தில் பாதி நாள் வானத்தோடு கலந்துவிடும். அது தெரியும் நாளில் மனம் அகலமாகிறது.

நீ கேட்காததைச் சொல்கிறேன். இங்கே என் வேலை பார்ப்பது. புகை தெரிந்தால் திசைவட்டத்தைத் திருப்பி, பாகையைப் படித்து, ரேடியோவில் சொல்வது. அவ்வளவுதான். வேறு எதையும் நான் இவ்வளவு நன்றாகச் செய்ததில்லை. விர்ஜீலியோ போன பிறகு வீட்டுக்குள் எதைப் பார்த்தாலும் பக்கத்தில் இருந்தது. இங்கே எல்லாம் தொலைவில்.

அடக்கத்தைப் பற்றி.

குழிக்கு அந்தப் பக்கம் அவர் வீட்டு ஆட்கள். இந்தப் பக்கம் நம் வீட்டு ஆட்களுக்கான இடம். அங்கே பனி மட்டும் நின்றது. பாதிரியார் அந்தக் காலி இடத்தைப் பார்த்து ஒரு நொடி தயங்கினார். அந்தத் தயக்கம்தான் எனக்கு மறக்கவில்லை.

வலி என்றால் மாத்திரை உண்டு. அன்று அப்படித்தான் நினைத்தேன். இன்றும் வேறு மாதிரி நினைக்கத் தெரியவில்லை.

சட்டையில்லாமல் சமைக்கிறாய் என்றால் எண்ணெய் தெறிக்கும். பார்த்துக்கொள்.

இதலீனா

பி.கு. நேற்றிலிருந்து வலது புருவத்துக்கு மேலே முடிவேர்கள் எரிகின்றன. சீப்பு பட்டால் துள்ளுகிறது. தோலில் ஒன்றுமில்லை. கண்ணாடி வழியாக அடிக்கும் வெயிலாக இருக்கும்.


செதூபல்,
ஜூலை 2

இதலீனா,

உன் கடிதத்தில் நான் மூன்று தடவை படித்தது பின்குறிப்பைத்தான்.

தோலில் ஒன்றுமில்லாமல் எரிகிறதா? ஒரு பக்கம் மட்டுமா? எனக்கும் முதலில் அப்படித்தான். மீன் சந்தையில் கூடை தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். பிறகு சிவந்தது. பிறகு கொப்புளம், திராட்சைக் கொத்து மாதிரி. நான் என்ன செய்தேன் தெரியுமா? மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு கிறிஸ்துமஸ் கேக் செய்தேன். ஒரு வாரம் கழித்து மருத்துவரிடம் போனபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கொப்புளம் வந்து மூணு நாளுக்குள்ள வந்திருந்தா மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கும், அம்மா. இப்ப புண் ஆறிடும். வலி ஆறுமான்னு எனக்குத் தெரியாது."

அவருக்குத் தெரியவில்லை. எனக்கு இப்போது தெரிகிறது.

ஒரு கொப்புளம் வந்தாலும் கீழே இறங்கு. ஒன்று போதும். நெற்றி கண்ணுக்குப் பக்கத்து வீடு என்பதை நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டுமா?

எண்ணெய் தெறிக்கவில்லை. கேட்டதற்கு நன்றி. கிண்டல் என்று தெரிந்தும் நன்றி.

சுல்மீரா


கோபுரம்,
ஜூலை 4

அக்கா,

உன்னிடமிருந்து கடிதம் வந்திருக்குமோ தெரியாது, பவுஸ்தோ இன்று தபால் எடுத்து வரவில்லை. ஆனால் நாளைக் காலையில் மைத்துனி வீட்டு ஞானஸ்நானத்துக்கு செதூபல் வருகிறான். இதை அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

கொப்புளங்கள் வந்துவிட்டன. முந்தாநாள்.

ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதே. சன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். நெற்றியின் வலது பாதி முழுக்கச் சிவப்பு. இடது பாதி நேற்றைய நெற்றிதான். நடுவில் ஒரு கோடு. மூக்குத்தண்டுக்கு நேர்மேலே, தலைமுடிக்குள் போகும்வரை, அளவுகோல் வைத்துக் கிழித்தது போல. ஒரு கொப்புளம்கூட அந்தப் பக்கம் தாண்டவில்லை. காட்டுத் தீ எதற்கும் நிற்காது. நெடுஞ்சாலையைத் தாண்டும். ஆற்றைத் தாண்டும். இந்தத் தீ ஒன்றுமே இல்லாத இடத்தில், வெறும் தோலில், நின்றிருக்கிறது. என்னிடம் இப்படியொரு எல்லை இருப்பது எனக்கே தெரியாது. பயப்பட வேண்டும் என்று தெரிகிறது. பயத்துக்கு முன்னால் வேறு ஏதோ வந்துவிட்டது.

பவுஸ்தோ பார்த்ததும் ரொட்டிக் கூடையைக் கீழே வைத்துவிட்டான்.

"இதலீனாக்கா, இது பாம்பு. தலைத்துணிய எங்க காயப் போடுறீங்க?"

"புதர் மேல."

"இஸ்திரி?"

"இங்க ஏதுப்பா கரண்டு இஸ்திரிக்கு? ரேடியோவுக்கே சூரியத் தகடு."

"அதான். நீங்க தூங்கினப்ப ஏதோ ஒண்ணு அது மேல ஊர்ந்து போயிருக்கு. இஸ்திரிச் சூடு பட்டாத்தான் அந்த விஷம் போகும். எங்க வீட்டுல காலுறையக்கூட தேய்க்காம போடமாட்டோம்."

நம் வீட்டிலும்தான். அம்மா கைக்குட்டையைக்கூடத் தேய்ப்பாள். எனக்கு மறந்தே போயிருந்தது. சரி, என் சோம்பல்தான் என்று நினைத்தேன்.

அவனே, ஊரில் மந்திரிக்கும் எர்மீனியா பெரியம்மாவை வண்டியில் ஏற்றி வந்தான். நேற்று மாலை, பெருஞ்சீரகத் தண்டும் கத்தியும். ஏணியில் ஏற மாட்டேன் என்றாள், நான் இறங்கி வந்து கல்லில் உட்கார்ந்தேன். மூன்று மாலை தொடர்ந்து வெட்ட வேண்டுமாம்.

"என்ன வெட்டுறேன், சொல்லு."

"பாம்ப வெட்டுற, பெரியம்மா."

"சத்தமா. அதுக்குக் காது கேக்காது."

காற்றில் கத்தி போனது. முகத்தில் படவே இல்லை. படாமலேயே எரிந்தது. தலையும் வாலும் சேர்ந்தால்தான் ஆபத்து, உனக்குப் பாதியிலேயே நின்றுவிட்டது, நீ அதிர்ஷ்டக்காரி என்றாள்.

இன்று இரண்டாவது மாலை. பெரியம்மா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மூக்கின் நுனியில் புதிதாக ஒரு கொப்புளம். கத்தியை மடித்து மடியில் வைத்துவிட்டாள்.

"இது கண்ணுக்குப் போற வழியில நிக்குதுடி. என் கத்தி கண்ணுக்கு இல்ல. கீழ எறங்கு."

"பெரியம்மா, நாளையிலேருந்து மூணு நாள் காட்டுத்தீக்குச் சிவப்பு எச்சரிக்கை."

"மலைக்கு வேற கண்ணு கெடைக்கும்."

கிடைக்கும்தான். அதுதான் பிரச்சினை. கண்ணில் குறை என்று ரேடியோவில் ஒரு வார்த்தை சொன்னால் வேறு ஆளை ஏற்றிவிடுவார்கள். மருத்துவச் சான்று கேட்பார்கள். இந்த வயதில் ஒருமுறை இறக்கினால் மறுபடி ஏற்ற மாட்டார்கள். தலைத்துணியைப் புருவம்வரை இழுத்துக் கட்டியிருக்கிறேன். மாலை முறைக் காவலுக்கு வந்த கஸ்பார் கேட்டான், குளவி கொட்டியது என்றேன்.

எச்சரிக்கை முடியட்டும். பிறகு இறங்குகிறேன்.

வலது கண் சிவந்திருக்கிறது. வெளிச்சம் குத்துகிறது. மூன்றாவது தொடருக்கு அப்பால் இன்று கொஞ்சம் பால் கலந்த மாதிரி. வெயிலாக இருக்கலாம்.

இதலீனா


செதூபல்,
ஜூலை 6

இதலீனா மதெய்ரோ,
கண் பிரிவு, மருத்துவமனை, கோயிம்ப்ரா

இந்த முகவரி சரியாக இருந்தால் நீ என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு.

பவுஸ்தோ ஞானஸ்நான விருந்துக்குப் போகும் வழியில் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். மூக்கு நுனி என்ற வரியில் நின்றேன். எனக்கு அக்கி வந்தபோது அந்த மருத்துவர் சொன்ன ஒரே ஆறுதல் அதுதான்: "முகத்துல வரல, சந்தோஷப்படுங்க. மூக்கு நுனியில வந்துச்சுன்னா கண்ணுன்னு அர்த்தம். ரெண்டுக்கும் ஒரே நரம்பு."

நாம் போனைத் தொட மாட்டோம் என்பது நம் இருவருக்கும் நடுவில் உள்ள ஏற்பாடு. உன் ஊர்க் காவல் நிலையத்தின் தீ எச்சரிக்கை எண்ணுக்கும் எனக்கும் அப்படி எதுவும் இல்லை. அழைத்தேன்.

"எங்க தீன்னு சொல்லுங்க, அம்மா."

"கோபுரத்துல."

"கோபுரமே எரியுதா?"

"கோபுரத்துல இருக்கற பொம்பள எரியறா. ஜீப்ப அனுப்புங்க."

"அம்மா, இது தீ பத்தி மட்டும் பேசற லைன்."

"நான் என்ன மீன் கொழம்பு பத்தியா பேசுறேன்? அவ கண்ணு போயிட்டிருக்கு. அவ கண்ணுதான் உங்களுக்கு அங்க வேலை செய்யுது. வேணுமா, வேணாமா?"

அந்தப் பையனுக்கு நல்ல வளர்ப்பு. எந்தக் கோபுரம் என்று குறித்துக்கொண்டான். பிறகு, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டான். அக்கா என்றேன். பதினெட்டு மாதத்தில் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு போனை வைக்க வரவில்லை.

மலையில் எங்கேயோ ஒரு நூல் புகை எழுந்தால் நீ உடனே ஊரைக் கூட்டுவாய். உன் நெற்றியே எரிந்தால் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். எவ்வளவு படித்தாலும் உன்னைப் படிக்க முடியாது.

எழுத முடிந்தால் எழுது. முடியாவிட்டால் யாரையாவது எழுதச் சொல்.

சுல்மீரா


கோயிம்ப்ரா,
ஜூலை 13

அக்கா,

இடது கண்ணால் எழுதுகிறேன். வரிகள் ஏறினால் மன்னிக்கவும்.

நீ செய்தது: இரண்டு காவலர்கள் ஏணியில் ஏறி வந்தார்கள். எனக்குப் பின்னால் ரேடியோ திறந்திருந்தது. மாவட்டத்திலுள்ள எல்லாக் கோபுரங்களும் கேட்டன. இருபத்தொரு கோடை நான் காத்த பெயர். நான் அவர்களிடம் திசைவட்டத்தை விட மாட்டேன் என்று சொன்னதாகக் கஸ்பார் சொல்கிறான். எனக்கு நினைவில்லை. ஜீப்பில் இறங்கும்போது வலது கண்ணில் பள்ளத்தாக்கு இல்லை. வெண்மை இருந்தது. அது நினைவிருக்கிறது.

கொப்புளம் வந்து மூன்று நாள் முடிந்திருந்தது. ஆனாலும் புதுக் கொப்புளங்கள் வந்துகொண்டிருந்தன, கண்ணும் சேர்ந்திருந்தது, அதனால் மருந்தை உடனே தொடங்கிவிட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். மருத்துவர் பிமெந்தெல், உன்னைவிடக் குறைவாகப் பேசும் பெண்மணி, என் கண்ணில் சொட்டு விட்டார்.

அவர் சொன்ன வேறொன்றைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் தலைத்துணியைப் பற்றிச் சொன்னேன். புதர், இஸ்திரி, ஊர்ந்து போனது. அவர் சிரிக்கவில்லை.

"இது வெளியிலேருந்து வரலம்மா. சின்ன வயசுல உங்களுக்குச் சின்னம்மை வந்துச்சா?"

"நாலு வயசுல."

"அதுதான் இது."

"அது போயிடுச்சே?"

"போகல. தோல்லேருந்துதான் போச்சு. காதுக்கு முன்னால, மண்டைக்குள்ள, ஒரு சின்ன நரம்பு முடிச்சு இருக்கு. அங்க போய்ப் படுத்துக்கிச்சு."

"அறுபது வருஷமாவா?"

"அறுபது வருஷமா. உடம்புதான் காவல் இருந்துச்சு. வயசானா காவல் கொஞ்சம் தளரும். அப்ப எழுந்து, வந்த நரம்பு வழியாவே திரும்பி நடந்து வரும்."

ஒரு தாளில் வரைந்து காட்டினார். அந்த முடிச்சிலிருந்து மூன்று கிளை. ஒன்று தாடைக்கு. ஒன்று கன்னத்துக்கு. ஒன்று நெற்றிக்கும் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும். வலது முடிச்சின் கிளைகள் வலது பக்கம் மட்டும். நான் கண்ணாடியில் பார்த்த கோடு அதுதான். நான் பிறப்பதற்கு முன்பே போட்ட கோடு. யாருக்கும் தெரியாமல் எல்லார் நெற்றியிலும் இருக்கிறது. எனக்கு மட்டும் சில நாள் தெரிந்தது.

அக்கா, நான் கல்யாணம் செய்துகொண்டபோது அது அங்கே படுத்திருந்தது. பிள்ளை இல்லை என்று அழுதபோது. விர்ஜீலியோவின் கையைப் பிடித்தபடி இருந்தபோது. ஒரு சத்தமும் இல்லாமல். நான் ஐந்து மலைத்தொடரை நாள் முழுக்கப் பார்த்தவள். காதுக்கு முன்னால் விரல் நுனி அளவு இடத்தில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. அதை ஒரு நாளும் பார்க்கவில்லை.

இங்கே தரை துடைக்க வரும் பெண் கர்ப்பிணி. அவளுக்குச் சின்னம்மை வந்ததே இல்லையாம். என் அறைக்குள் அவளை விடவில்லை. என் கொப்புளத்து நீர் பட்டால் அவளுக்கு அக்கி வராது, சின்னம்மை வரும் என்றார்கள். என் நான்கு வயது அப்படியே அவளுக்குப் போகும். கதவுக் கண்ணாடி வழியாக அவள் கையசைக்கிறாள். நானும்.

கருவிழி வீங்கியிருக்கிறது. தழும்பு விழுமா, நடுவில் விழுமா ஓரத்தில் விழுமா, இப்போது சொல்ல முடியாது என்கிறார். நடுவில் விழுந்தால் கோபுரம் இல்லை.

நீ செய்ததை நான் மன்னிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இதலீனா


செதூபல்,
ஜூலை 19

இதலீனா,

மெதுவாக யோசி. எனக்கு அவசரம் இல்லை.

உனக்கு நான்கு வயது என்றால் எனக்கு ஒன்பது. அந்தச் சின்னம்மை யாருடையது என்று உனக்கு நினைவிருக்க வழியில்லை. என்னுடையது. பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் ஒருத்தி சொறிந்துகொண்டே இருந்தாள், நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா உன்னைத் தனியாகப் படுக்க வைக்கவில்லை. "ஒரேயடியா வந்து தொலையட்டும்" என்று சொல்லி உன்னைத் தூக்கி என் போர்வைக்குள் போட்டாள். அப்போதெல்லாம் அப்படித்தான். சொறியக் கூடாதென்று நம் கைகளில் அப்பாவின் காலுறைகளைக் கட்டிவிட்டாள். நீ அந்தக் கம்பளிக் கையால் என் முகத்தைத் தடவிக்கொண்டே தூங்கினாய். எனக்கு அரித்தது. உன்னை எழுப்பவில்லை.

ஆக, என் விலாவில் எரிந்ததும் உன் நெற்றியில் எரிந்ததும் ஒரே போர்வைக்குள் படுத்தவை.  நாம் பேசாமல் இருந்த நாளிலும் அவை இரண்டும் இருந்திருக்கின்றன, நீ அங்கே, நான் இங்கே. நான் உனக்குக் கொடுத்தவற்றில் நீ இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தது இது ஒன்றுதான். அந்தப் பச்சைக் கோப்பைகளை என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை.

சுகாதார மையத்துக்குப் போனேன். உன் கடிதத்தைப் படித்த அன்றே. அங்கே செவிலியிடம் கேட்டேன்.

"எனக்கு ஒருதடவை வந்தாச்சு. இனி வராதுல்ல?"

"அப்படி ஒண்ணும் உத்தரவாதம் இல்ல, சுல்மீராம்மா. மறுபடி வரலாம். தடுப்பூசி இருக்கு, ரெண்டு ஊசி. இப்ப ஒண்ணு, ரெண்டு மாசம் கழிச்சு ஒண்ணு."

"வந்து போனவளுக்குமா?"

"வந்து போனவங்களுக்கும். இது உள்ள தூங்கறத விரட்டாது. காவலுக்குத் தெம்பு கொடுக்கும்."

"இப்ப இருக்கற வலிக்கு?"

"அதுக்கு இது இல்ல."

நேர்மையான பெண். சட்டைக் கையை நானே உருட்டிவிட்டேன். அன்று சாயங்காலம் கை வீங்கி, காய்ச்சல் மாதிரி இருந்தது. மறுநாள் போய்விட்டது. உனக்கும் கேட்டேன். இந்தப் புண்ணெல்லாம் அடங்கட்டும், மருத்துவர் நாள் சொல்வார் என்றாள்.

வலிக்கு வேறு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார் மருத்துவர், நரம்புக்கானது. தலை சுற்றுகிறது. ஆனால் நேற்று போர்வை போர்வையாக இருந்தது, சில மணி நேரம். அப்படியே அசையாமல் படுத்து அதை அனுபவித்தேன்.

சுல்மீரா


கொவேலு, வீடு,
ஆகஸ்ட் 8

அக்கா,

வீட்டுக்கு வந்துவிட்டேன். எர்மீனியா பெரியம்மா முட்டை கொண்டுவந்தாள். கத்தி கொண்டுவரவில்லை.

கொப்புளம் உதிர்ந்துவிட்டது. நெற்றியில் நிறம் மாறிய பாதி. கண்ணில் ஒரு துளிப் பால், தண்ணீரில் விட்டது போல. மருத்துவர் அது நடுவைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது என்றார். சொட்டு மருந்து. காத்திருப்பு.

இன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஆகஸ்ட் வெயில், காற்று லேசாகத்தான் இருந்தது. தலைத்துணி கட்ட முடிவதில்லை, பட்டால் நெற்றியில் நெருப்பு. வெறுந்தலையோடு நடந்தேன், ஊர் பார்த்தது. சைப்ரஸ் மரங்களைத் தாண்டியதும் எதிர்க்காற்று. நெற்றியில் ஆணி அடித்த மாதிரி. சுவரைப் பிடித்து நின்றேன். கையால் மூடலாம் என்றால் கையும் படக் கூடாது. அங்கேயே நின்றேன், அவர் கல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். போக முடியவில்லை. எதிரே வந்த தபால்காரர், "என்ன, எதையாவது மறந்துட்டீங்களா?" என்றார். வெளியே பார்க்க ஒன்றுமே இல்லை. என்ன சொல்வது அவரிடம்?

அடக்கத்தன்று பனிக்காற்று.

ஜனவரி.

காற்று நின்ற பிறகு போனேன். விர்ஜீலியோவிடம் நீ ஏன் வரவில்லை என்பதைச் சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்சம் நேரம் எடுத்தது.

பச்சைக் கோப்பைகள் அலமாரியில் இருக்கின்றன. ஒன்று குறைகிறது.

இதலீனா


செதூபல்,
ஆகஸ்ட் 27

இதலீனா,

திரும்பி வந்த பஸ் நன்றாக இருந்தது. கடைசி இருக்கை, பக்கத்தில் யாரும் இல்லை. பெல்ட்டுக்கும் விலாவுக்கும் நடுவில் நீ கொடுத்த தலையணை.

உன் வீட்டில் இருந்த பத்து நாளில் ஒரே ஒரு சண்டை. நம் வரலாற்றிலேயே இது சாதனை. அந்தச் சண்டையிலும் நான் சொன்னதுதான் சரி, எழுத்தில் இருக்கட்டும். கண் வெளுத்துவிட்டது, சிவப்பு போய்விட்டது, சொட்டு மருந்து எதற்கு என்று நீ புட்டியை அலமாரியின் மேல் தட்டில் வைத்தாய். மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கச் சொன்னார், நீயாக நிறுத்தினால் உள்ளே மறுபடி வீங்கும். இப்போது நான் அங்கே இல்லை. புட்டி எங்கே இருக்கிறது?

விர்ஜீலியோவின் பழைய சட்டையை எனக்குக் கொடுத்தாயே, கழுவிக் கழுவி வலையாகிப்போனது, மூன்று பேர் நுழையலாம். அதைப் போட்டுக்கொண்டு, எல்லாப் பெண்களும் கறுப்பில் நிற்கும் மாதா திருநாளில், அவர் கல்லின் முன்னால் நின்றேன். அவர் என்னைப் பார்த்திருந்தால், "சுல்மீரா, ஒருவழியா எனக்கு மரியாதை கொடுத்துட்ட" என்றிருப்பார். நீ எனக்குப் பக்கத்தில், உன் நெற்றிக்குக் காற்று படாமல் என் நிழலில்.  அந்தப் பாதிரியார் நம் பக்கம் பார்த்துத் தயங்கவில்லை, கவனித்தாயா?

போகும்போது நீ கோபுரத்தைப் பார்த்ததையும் நான் கவனித்தேன். இடது கண்ணால் பார்த்தாய். வலதை மூடிக்கொண்டு. ஏன் என்று கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன். பயந்தாயா?

சுல்மீரா


கோபுரம்,
செப்டம்பர் 24

அக்கா,

ஆமாம். பயந்தேன்.

புட்டி கைக்கெட்டும் தட்டில்தான் இருக்கிறது. குறைத்துக் குறைத்து இப்போது நாளுக்கு ஒரு வேளை. உன் இரண்டாவது ஊசி இந்த வாரம்தானே? போனதும் எழுது. என்னுடையதை நவம்பரில் போடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

மருத்துவர் எழுத்துப் பலகையைப் படிக்க வைத்தார். கீழ்வரிசைக்கு முந்தையது வரை. "தூரத்துக்கு எப்படின்னு இந்த அறையில எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அந்தப் பெண்மணிக்கு எப்போது பேச்சை நிறுத்த வேண்டும் என்று தெரிகிறது.

அதனால் இன்று ஏறினேன். வேலைக்காக இல்லை. காலை முறையில் கஸ்பார். ஏணியில் என் பின்னாலேயே வந்தான், விழுந்தால் பிடிக்கவா என்று கேட்டேன், "விழுந்தா வேடிக்கை பாக்க" என்றான். இந்தக் கடிதத்தை இங்கே மேசையில், திசைவட்டத்துக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுநடுவே நிறுத்துகிறேன்.

இடது கண்ணின் மேல் பஞ்சு வைத்து ஒட்டினேன். கிழக்குச் சன்னலுக்குத் திரும்பினேன். வலது கண்ணைத் திறந்தேன்.

வெள்ளை.

முழுக்க வெள்ளை, அக்கா. சன்னல் சட்டம் தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. ஜீப்பில் பார்த்த அதே வெள்ளை. எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. அழவில்லை. சரி, இதுதான், என்றிருந்தது.

"போச்சு, கஸ்பார். வெள்ளையாத்தான் தெரியுது."

அவன் எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் நின்று வெளியே பார்த்தான்.

"எனக்கும்தான்."

"விளையாடாத."

"சத்தியமா. விடிஞ்சதுலேருந்து கீழ பூரா மூடுபனி. செப்டம்பர் மாசம் வேற என்ன தெரியும்? உக்காருங்க. காபி இருக்கு."

உட்கார்ந்தேன். பஞ்சை எடுக்கவில்லை. கஸ்பாரும் எடுக்கச் சொல்லவில்லை.

வெயில் ஏறியது. பனி முதலில் நிறம் மாறியது. அதில் ஒரு கறை. கறையின் மேல் விளிம்பு கூர்மையானது. பைன் மரங்கள், ஒவ்வொன்றாக, யாரோ உள்ளேயிருந்து வரைவது போல. முதல் தொடர். இதில் பெருமை இல்லை, அது கிட்டத்தில் இருப்பது. பிறகு ஆற்றுக்கு மேலே இருப்பது. பிறகு மூன்றாவது, எரிந்துபோன சரிவோடு. ஒவ்வொன்றும் வருவதற்கு முன்னால் அது வராது என்று நினைத்தேன். இருபத்தொரு கோடை நான் இவற்றைப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். இருக்கிறதா என்று சரிபார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நான்காவது வந்தபோது ஒரு பக்கத்தில் லேசாகக் கலங்கியிருந்தது. தலையைச் சாய்த்தேன். கலங்கலும் சாய்ந்தது. ஆக, அது என்னுடையது. ஓரத்தில் இருக்கிறது, நடுவில் இல்லை. அதோடு வாழலாம்.

ஐந்தாவது இல்லை.

காபி ஆறிவிட்டது. நெற்றி எரிகிறது, நடுக்கோடுவரை மட்டும், வழக்கம் போல.

"இருக்கா, கஸ்பார்?"

"சொல்லமாட்டேன்."

"இருந்தா இருக்குன்னு சொல்லேன்."

"நான் சொன்னா நீங்க பாத்ததா ஆகுமா? நீங்களே சொல்லுங்க, இதலீனாக்கா."

மேலே உள்ள வரிக்கும் இந்த வரிக்கும் நடுவில் நிறைய நேரம்.

வானத்தின் அடியில் வானத்தைவிட ஒரு துளி அதிக நீலம். அது தொடரா, என் ஆசையா? அந்தத் தொடரின் வளைவு எனக்கு மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிவதை நம்ப முடியாது. நினைவு வரைந்து காட்டும். அதனால் வளைவைப் பார்க்காமல் அதன் மேலே பார்த்தேன். காற்றாலைகள். வெள்ளைத் தூண்கள், ஊசியைவிட மெலிதாக. அவையும் எனக்குத் தெரிந்தவைதான். இன்னும் பார்த்தேன்.

"கஸ்பார், காத்தாடியெல்லாம் சுத்துது."

"ம்."

"இடது பக்கத்துலேருந்து மூணாவது மட்டும் நிக்குது."

அவன் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். நான் ஜூலைக்குப் பிறகு இங்கே ஏறவில்லை என்பது அவனுக்குத் தெரியும். தொலைநோக்கியைக் கீழே வைத்துவிட்டு, பதிவுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினான்.

"நேத்துதான் நின்னுச்சு," என்றான்.

இதலீனா